முள்ளுக்கு வைத்த சந்தனம்

எங்க ஊர்ல ஏழு வருசம் ஒருத்தரும் சத்தமாத் தும்மினதில்ல. தும்மல் வந்தா துண்ட வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டு, கண்ணு ரெண்டும் பிதுங்க, முழங்கால் மடக்கித் தரையில உக்காந்து, உள்ளுக்குள்ளயே தும்மி முடிச்சு எந்திரிப்போம். பக்கத்துல நிக்கிறவன் முதுகத் தடவிக் கொடுத்து "நல்லா அடக்குன மாப்ள"ன்னு காதுக்குள்ள பாராட்டுவான். கொம்பைப்பாறைங்கிறது மலை மேல காப்பியும் மிளகும் விளையிற சின்ன ஊரு. அந்த ஊருக்கு நடுவுல, எஸ்டேட் கேட்டுக்கு முன்னால, ஆள் தோள் உயரத்துல, புடிக்க ஒரு கையும் இல்லாம, தொங்க ஒரு கயிறும் இல்லாம, ஒரு துப்பாக்கி அந்தரத்துல நின்னுச்சு. அதுக்குப் பயந்துதான் தும்மாம இருந்தோம். இப்ப நெனச்சாலும் காறித் துப்பத் தோணுது. துப்பாக்கிய நெனச்சு இல்ல. எங்கள நெனச்சு, அதுலயும் மொதல்ல என்னைய நெனச்சு.

என் பேரு வேலாண்டி. ஊருக்கு ஒரே ஆசாரி. தண்ணி மோட்டாரு, கிரில் கதவு, காப்பிப்பழம் தோலுரிக்கிற மிஷினு, பீரோ பூட்டு, எது மக்கர் பண்ணினாலும் என் பட்டறைக்குத்தான் வரும். வருசத்துக்கு ஒரு தடவ, தை பொறக்கிறதுக்கு முன்னால, எஸ்டேட் பூபதி ஐயாவோட துப்பாக்கியும் வரும். அவரு தாத்தா ஒரு வெள்ளக்காரத் தொரைகிட்ட வாங்கினது. ஒத்தத் தோட்டாத் துப்பாக்கி. அடியில ஒரு பிடி இருக்கும். அதக் கீழ எறக்கினா வாய் தொறக்கும், ஒரு தோட்டாவப் போட்டுப் பிடிய ஏத்தினா வாய் மூடி உள்ள ஊசி வெறச்சுக்கிரும். ஒண்ணு சுட்டா மறுபடி எறக்கி ஏத்தணும். வலப்பக்கம், கடிகார முள்ளு மாதிரி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு முள்ளு. ஊசி வெறச்சு நிக்கும்போது முள்ளும் நிக்கும், ஊசி பாஞ்சிருச்சுன்னா முள்ளு படுத்துக்கிரும். தடவிப் பாத்தே தெரிஞ்சுக்கலாம், துப்பாக்கி முழிச்சிருக்கா தூங்குதான்னு. இந்த முள்ள மறந்துறாதீங்க.

மத்தத் துப்பாக்கிக்கு விசை ஒண்ணுதான். இதுக்கு ரெண்டு, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. முன்விசைய நேரா இழுத்தா மாடு மாதிரி முரண்டு புடிக்கும், விரல் வலிக்க வலிக்க இழுக்கணும். ஆனா மொதல்ல பின்விசைய இழுத்து டக்குன்னு உக்கார வச்சுட்டீங்கன்னா, உள்ள ஒரு வில்லு இறுகிக்கிட்டு, அந்த முரட்டு முன்விசை எளகிப் போயிரும், அப்பறம் தொட்டாப் போதும். எவ்வளவு தொட்டாப் போதுங்கிறத ரெண்டு விசைக்கும் நடுவுல இருக்கிற எள்ளளவு திருகாணி முடிவு பண்ணும். திருகத் திருக எளகும். அளவுக்கு மேல போயிட்டா பின்விசை உக்காரவே செய்யாது, நழுவிரும். அந்த விளிம்பு வரைக்கும் போயி, அங்கருந்து கால் சுத்துத் திரும்பி வந்து நிறுத்தணும், அதான் மொறை. குறி பாத்து, மூச்ச விட்டு, மனசுக்குச் சரின்னு பட்ட பிறகுதான் பின்விசையத் தொடணும். சுடலைன்னா வாயத் தொறந்து தோட்டாவ வெளிய எடுத்துறணும். உக்கார வச்ச விசையோட ஒரு அடி நடக்கக்கூடாது. இத எனக்கு யாரும் சொல்லித் தரல, அந்த இரும்பப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டி நானாப் படிச்சது.

துப்பாக்கி அந்தரத்துல நின்ன வருசம் ஐயாவுக்கு அறுபத்தொண்ணு. குடிச்சுக் குடிச்சுக் கை நடுங்கும். பட்டறைக்கு வந்து என் ஸ்டூல்ல உக்காந்து, "ஆசாரி, விரல இழுக்கிற சோலியே எனக்கு இருக்கக்கூடாது. நான் நெனச்சா வெடிக்கணும்"னாரு.

"ஐயா, இதுக்கு மேல எளக்கினா தும்மினாலும் வெடிச்சிருங்க"ன்னேன்.

"நான் எதுக்குய்யா தும்மப்போறேன், திருகு"ன்னாரு.

திருகினேன். விளிம்பு வரைக்கும் போயி, திரும்பி வர வேண்டிய அந்தக் கால் சுத்த வராம விட்டேன். தோட்டா இல்லாம, என் தலையில இருந்து ஒரு முடியப் பிடுங்கி விசையத் தொட்டுக் காட்டினேன், டிக்குன்னுச்சு. ஐயா சின்னப்பிள்ள மாதிரிச் சிரிச்சு என் தோள்ல தட்டினாரு. அந்தத் தட்டு எனக்கு எவ்வளவு இனிப்பா இருந்துச்சுன்னு சொன்னா நீங்க என் மூஞ்சியில துப்புவீங்க.

எஸ்டேட் கேட்டுக்கு நேர் எதிர்ல, அறுபது அடி தள்ளி, மாராயி வீடு. ஓட்டு வீடு, ரெண்டு பலாமரம், பின்னால கால் ஏக்கர் மிளகுக்கொடி. புருசன் மரம் விழுந்து செத்த பிறகு காப்பிப்பழம் பறிச்சே மக கனகுவ வளத்த பொம்பள. அவ எடத்து வழியாப் போனாத்தான் ஐயாவோட லாரி மேக்காட்டுக்கு ஏற முடியும். கேட்டாரு, தரமாட்டேன்னா. மெரட்டினாரு, தரமாட்டேன்னா. வேலிய வெட்டினாரு, மறுபடி கட்டினா. சண்டை அவ்வளவுதான். அவ ஒரு நாளும் கூடப் பேசினதில்ல, கொறச்சும் பேசினதில்ல.

மாட்டுப்பொங்கல் அன்னைக்கு எங்க ஊர்ல பாரிவேட்டை. சாமி பொறப்பாட்டுக்கு முன்னால ஐயா துப்பாக்கியத் தூக்கிக்கிட்டுக் காட்டோரம் வரைக்கும் போயி வானத்தப் பாத்து ஒரு வேட்டுப் போடுவாரு, அதுக்குப் பிறகு எல்லாரும் பொங்கச்சோறு திம்போம். மதியம் மூணு மணி இருக்கும். கொட்டுக்காரங்க, பூசாரி, விடலைங்கன்னு முப்பது பேரு கேட்டு முன்னால நிக்கிறோம், நானும் இடுப்புல திருப்புளியோட நிக்கிறேன். மாராயி வாசல்ல நின்னு முறத்துல மிளகு பொடச்சுக்கிட்டிருந்தா. ஐயா காலையில இருந்தே குடிச்சிருந்தாரு.

"வழி விடுவியா மாட்டியா?"ன்னாரு.

"மாட்டேங்க"ன்னா, முறத்துல இருந்து தலையத் தூக்காம.

ஐயா துப்பாக்கியத் தோள்ல வச்சாரு. முப்பது பேரும் பாத்தோம். ஒருத்தன் கால் நகரல, ஒருத்தன் வாய் தொறக்கல. அவரு விரல் பின்விசைய இழுத்து உக்கார வச்சத நான் பாத்தேன். மாராயி தலையத் தூக்கி நேராக் குழலப் பாத்தா. கொட்டு திடுதிடுன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, அத நிறுத்தக்கூட எவனுக்கும் தோணல. அப்பறம் ஐயாவோட வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு, முழங்கால் மடங்குச்சு, அடுக்கின மூட்டை சரியிற மாதிரிச் சரிஞ்சாரு, தரையத் தொடும்போது உசுரு இல்ல. துப்பாக்கி விழல. அவரு தோள் இருந்த எடத்துல, மாராயி வாசலக் குறி வச்சபடி, அப்படியே நின்னுச்சு.

ஐயாவத் தூக்கிட்டுப் போனாங்க. துப்பாக்கி நின்னதப் பத்தி ரொம்ப யாரும் வாயப் பொளக்கல. எங்க ஊர்ல பலாப்பழம் வேர்ல காய்க்கும், சாமி ஆள் மேல வரும், இதுவும் ஒண்ணு. அன்னைக்குச் சாயங்காலம் எல்லாரும் மண்டையப் போட்டு உடைச்சது வேற ஒரு விசயத்துக்கு: ஐயா என்னத்தக் குறி பாத்தாரு? யாரு மொதல்ல சொன்னான்னு தெரியல, "பன்னி"ன்னாங்க. மாராயி வீட்டுக்குப் பின்னால ஒரு பன்னி ஓடுச்சாம். விளக்கு வைக்கிறதுக்குள்ள அது கருப்புப் பன்னியாச்சு. மறுநா அதுக்கு ஒரு காது அறுந்து போச்சு. மூணாம் நாள் காரியத்துல அந்தப் பன்னி மாராயியக் குத்தத்தான் வந்துச்சு, அவளக் காப்பாத்தத்தான் ஐயா துப்பாக்கியத் தூக்கினாரு, அந்தப் புண்ணியத்துலதான் ஆயுதம் அந்தரத்துல நிக்குதுன்னு ஆயிப்போச்சு. காரியத்துக்கு அவ வரலைன்னு வேற கோவம். "நன்றி கெட்டவ"ன்னு, குழலுக்கு முன்னால நின்னு அவ மிளகு பொடச்சதக் கண்ணாலப் பாத்த அதே வாயெல்லாம் சொல்லுச்சு. கழுதைகூடத் தான் போட்டத மோந்து பாத்துட்டுத்தான் நகரும்.

ஐயாவோட தம்பி ஜெகபதி என்னையக் கூப்பிட்டாரு. "ஆசாரி, நீதான் இதத் திருகினவன். எறக்க முடியுமா பாரு."

மெல்லப் போனேன். குனிஞ்சு வலப்பக்கத்து முள்ளப் பாத்தேன். நிமிந்து ஜெகபதி மூஞ்சியப் பாத்தேன். "தொட்டா வெடிச்சிருங்க"ன்னேன். ஊரே ஒரு அடி பின்னால போச்சு.

அன்னைக்கு ஆரம்பிச்சது. கோயில்ல மணி அடிக்கிறத நிறுத்தி மணியோட நாக்குல துணியச் சுத்துனாங்க, பள்ளிக்கூடத்துல பெல்லுக்குப் பதிலாப் பச்சைக்கொடி காட்டுனாங்க, பஸ்ஸு ஆரன் அடிச்சிருமேன்னு ஊருக்கு வெளிய ஒன்றரை மைல் தள்ளியே நிறுத்த வச்சாங்க, தீவாளிக்கு மத்தாப்பு மட்டும் கொளுத்துனாங்க, கூவுற சேவல எல்லாம் கொழம்பு வச்சுட்டுக் கோழிய மட்டும் விட்டாங்க, மாசமான பொம்பளைங்களக் கீழ ஊருக்கு அனுப்பி, பிள்ள அழுகைய அடக்கப் பழகின பிறகுதான் திரும்பச் சேத்தாங்க, எழவு வீட்ல பொம்பளைங்க சத்தமில்லாம மாரடிச்சு வாய மட்டும் அசைச்சாங்க, புருசன் பொண்டாட்டி சண்டைகூட சாடையிலயும் கிசுகிசுப்பிலயும் நடந்துச்சு, அடிவாங்குற பொம்பளையும் பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் அடிவாங்குனா, ஊர் அமைதியா இருக்குன்னு வெளியூர்க்காரங்க வந்து மெச்சினாங்க. அந்த அமைதிய நீங்க மோந்து பாத்திருக்கணும். மூடி வச்ச புளிச்ச மாவு நாத்தம்.

ஸ்டேஷன்ல இருந்து ஒரு எஸ்.ஐ. வந்து, பூட்ஸக் கழட்டி வச்சுட்டுச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. ஆயுதம் யார் கையிலயும் இல்லாததால யார் மேலயும் கேஸ் போட வழியில்லைன்னு எழுதிக்கிட்டு, ஒரு கும்புடு போட்டுட்டு எறங்கிப் போனாரு. மாராயி வாசல்ல நின்னு, "என்னையச் சுட வந்தாருங்க"ன்னு சொன்னா. "மெதுவாப் பேசும்மா"ன்னாரு அவரு.

ஜெகபதி தலைமையில விழாக்குழு வந்துச்சு. துப்பாக்கிக்கு மேல தகரக் கொட்டகை வந்துச்சு, ஆணி அடிக்காம, கயித்துலயே கட்டினது. குழல் முனையில இருந்து மாராயி வாசல்படி வரைக்கும் ரெண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்தப் பாதைய யாரும் குறுக்க தாண்டக்கூடாதுன்னாங்க. யாரு தாண்டுவா? தாண்ட வேண்டியது மாராயி ஒருத்திதான். தண்ணிக்குப் போகணும்னாலும், விறகுக்குப் போகணும்னாலும், அவ அந்தக் குழலுக்கு நேராக் கதவத் தொறந்து, நேரா எறங்கி, கோட்டத் தாண்டித்தான் போகணும். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு புண்ணியவான் "பாத்து நட, அதிரப்போகுது, ஊருக்கே கேடு வந்துரும்"னு அவளத்தான் அதட்டுவான். "வீட்ட விட்டுட்டுப் போயேன், உனக்கும் நல்லது"ன்னு சொல்லாதவன் இல்ல. அவ போகல. போனா லாரி வந்துரும், செத்தவன் ஜெயிச்சிருவான், அது அவளுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஆயுத பூசை வந்துச்சு. அரிவாமணைக்கும் திருப்புளிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற சாதி நாம, அந்தரத்துல நிக்கிற ஆயுதத்துக்கு வைக்காம விடுவோமா? தொட்டா வெடிக்கிறத யாரு தொடுறது? ஆசாரிதான். ஊரே தரையில குப்புறப் படுத்துக் காதப் பொத்திக்கிட்டுப் பாக்க, நான் மூச்சடக்கி, குழலுக்கு ஒரு பொட்டு, கட்டைக்கு ஒரு பொட்டு, முள்ளுக்கு ஒரு பொட்டு வச்சேன். முடிஞ்சதும் ஜெகபதி என் தலையில பரிவட்டம் கட்டினாரு. இருபது தலமுறையா எங்க ஆளுங்களக் கோயில் வாசலுக்கு வெளியவே நிறுத்தின ஊரு, என் தலையில பட்டுத்துணியக் கட்டிக் கை தட்டாமக் கை தட்டுச்சு. வருசா வருசம் பழைய சந்தனத்து மேல புதுச் சந்தனம் வச்சேன். குழல்ல இருந்தது காத்துல உதிரும், கட்டையில இருந்தது வழுக்கி விழும். முள்ளு மேல இருந்தது மட்டும் காஞ்சு காஞ்சு நெல்லிக்கா அளவுக்கு உருண்டு நின்னுச்சு.

ஒவ்வொரு வருசமும் பூசை முடிஞ்ச மறுநா மாராயி பட்டறைக்கு வருவா.

"அண்ணே, ஒரே ஒரு தடவ அந்தப் பிடிய எறக்கி அந்தத் தோட்டாவ எடுத்துருங்கண்ணே. பிறகு அது காலத்துக்கும் அங்கயே நிக்கட்டும், நான் கும்புட்டுக்கூடப் போறேன்."

"முடியாது தாயி. தொட்டா வெடிச்சிரும்."

"சந்தனம் வைக்கத் தொடுறீங்களே அண்ணே."

"அது பூசை. இது வேற."

அவ கொஞ்ச நேரம் என் கையவே பாத்துட்டுப் போயிருவா. ஏழு வருசம், ஏழு தடவை.

ஏழாவது வருசம் கார்த்திகையில கனகு வந்தா. தேனிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்த பொண்ணு, தலப்பிரசவத்துக்கு ஆத்தா வீட்டுக்கு வந்தா. வழக்கம் அது, ராசா வீடானாலும் சரி, குடிசையானாலும் சரி, மொதப் பிள்ள ஆத்தா வீட்லதான். அவ வயித்தத் தூக்கிக்கிட்டுச் சுண்ணாம்புக் கோட்டத் தாண்டி வாசப்படி ஏறுனதப் பாத்ததுமே ஊருக்கு வேர்த்துருச்சு. விழாக்குழு கூடுச்சு, கிசுகிசுன்னு.

"பச்சப்பிள்ள பொறந்ததும் வீல்னு கத்துமே"ன்னாரு பூசாரி.

"அவளக் கீழ அனுப்பிருவோம்"ன்னாரு ஜெகபதி. ஆள் அனுப்பினாங்க. மாராயி வழக்கமாச் சொல்றதத்தான் சொன்னா. மாட்டேங்க.

அப்பத்தான் ஒருத்தன், பேர் சொல்ல எனக்கு நாக்கு கூசுது, சொன்னான்: "பொறந்ததும் ஒரு ஈரத்துணிய வச்சு வாயப் பொத்திருவோம். கொஞ்ச நேரந்தான். பழகிரும்."

மறுத்து ஒருத்தர் பேசல. தலைய ஆட்டினாங்க. பிள்ள பெத்தவங்க, பேரப்பிள்ள எடுத்தவங்க, எல்லாரும் தலைய ஆட்டினாங்க. துணியோட போறதுக்கு ரெண்டு பொம்பளைங்கள நியமிச்சு, அதுங்களுக்கு மால வேற போட்டாங்க. நானும் அந்தக் கூட்டத்துல உக்காந்திருந்தேன், தலையில பரிவட்டத்தோட. என் தலையும் ஆடுச்சு.

அன்னைக்கு மாராயி எட்டாவது தடவையா வந்தா. உக்காரல.

"அண்ணே, பொறந்த பிள்ள அழலைன்னா செத்த பிள்ள. உங்களுக்குத் தெரியும். கனகு பிள்ள அழணும்."

"கீழ கூட்டிட்டுப் போ தாயி."

"அழுது, அது வெடிச்சா, எங்க மூணு பேர்ல யாரு மேல படும்னு பாத்துச் சொல்லுங்க. அந்த எடத்துல நான் நின்னுக்கிறேன்."

கையில இருந்த அரத்த வச்சு ஏற்கெனவே வழுவழுன்னு இருந்த ஒரு கதவுக்கீல அராவிக்கிட்டே இருந்தேன். அவ போயிட்டா.

நர்சம்மா சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னாலயே, ஒரு சந்தை நாள் பகல்ல, கனகுவுக்கு வலி கண்டுருச்சு. வண்டி ஊருக்குள்ள வராது, பஸ்ஸு ஒன்றரை மைல் தள்ளி நிக்குது, தகவல் போயி நர்சம்மா மேல வந்து சேர ரெண்டு மணி நேரமாகும். மாராயியே பாத்துக்கிட்டா. துணியோட போன பொம்பளைங்கள அரிவாளோட வாசல்ல மறிச்சு, "உள்ள வந்தா கைய எடுத்துருவேன்"னா, மெதுவா, ஊர் வழக்கப்படி. அதுங்க திரும்பி வந்துருச்சுங்க. சந்தைக்கு வந்தவங்க, கடைக்காரங்க, விழாக்குழு, எல்லாரும் கேட்டு முன்னால குப்புறப் படுத்தோம். கனகு வலியில கத்தல. அவளும் இந்த ஊர்ல வளந்த பொண்ணுதான், வாய்ல துணியக் கடிச்சிருந்தா. ரொம்ப நேரம் ஒண்ணுமே கேக்கல. பிறகு உள்ள இருந்து மாராயி குரல், "பொம்பளப்பிள்ள"ன்னு.

பிள்ள அழல.

ஒரு மூச்சு, ரெண்டு மூச்சு, பத்து மூச்சு. பிள்ள அழல. அப்பத்தான் அது நடந்துச்சு. என்னையச் சுத்திப் படுத்திருந்த நூறு பேரும் நிம்மதியா ஒரு பெருமூச்சு விட்டாங்க. "நல்ல பிள்ள"ன்னு ஒரு கெழவி சொன்னா. அந்தப் பெருமூச்சோட சூடு என் பொடனியில பட்டுச்சு, படுத்த எடத்துலயே காலையில தின்னதெல்லாம் வெளிய வந்துருச்சு. அந்த மூச்சுல என் மூச்சும் இருந்துச்சு.

உள்ள பிள்ளையோட பாதத்துல தட்டுற சத்தம் கேட்டுச்சு. ரெண்டு தட்டு, மூணு தட்டு. அப்பறம் அது அழுதுச்சு. ஏழு வருசத்துல கொம்பைப்பாறையில கேட்ட மொத மனுசச் சத்தம். ஓடு அதிர, பலா இலை அதிர, காது கூச, வீல் வீல்னு நிறுத்தாம அழுதுச்சு. எல்லாரும் மண்ணுக்குள்ள மூஞ்சியப் பொதைச்சுக்கிட்டாங்க. துப்பாக்கி வெடிக்கல.

மாராயி வெளிய வந்தா. முழங்கை வரைக்கும் ரத்தம், ஒரு கையில வெந்நித் தவலை. சுண்ணாம்புக் கோட்டுக்கு நடுவுலயே, குழலுக்கு நேராவே நடந்து வந்தா. யாரும் அதட்டல, எல்லாரும் படுத்திருந்தாங்க. துப்பாக்கிக்கிட்ட நின்னு, வலப்பக்கம் இருந்த அந்தச் சந்தன உருண்டை மேல வெந்நிய ஊத்தி, கட்டவிரலால தேச்சுத் தேச்சுக் கரைச்சா. சந்தனமும் ரத்தமும் அவ முழங்கையில வழிஞ்சுச்சு.

"ஆசாரி. எந்திரி"ன்னா. அண்ணேன்னு கூப்பிடல.

எந்திரிச்சேன்.

"ஏழு வருசமா என் வாசல்ல இருந்து பாக்குறேன். குழலுக்குத் தொட்டு வைக்கிற, கட்டைக்குத் தொட்டு வைக்கிற, இங்க மட்டும் அப்புற. இது என்ன முள்ளு?"

"அது துப்பாக்கி எந்த நெலமையில இருக்குன்னு காட்டுற முள்ளு."

"இப்ப எப்படி இருக்கு?"

"படுத்திருக்கு."

"எப்பருந்து?"

பிள்ள உள்ள அழுதுக்கிட்டே இருந்துச்சு. சொன்னேன். "மொத நாள்லருந்து."

"படுத்திருந்தா என்ன அர்த்தம்?"

"சுட்டாச்சுன்னு அர்த்தம்."

"சத்தமாச் சொல்லு. யாரு சுட்டா?"

"பூபதி"ன்னேன். ஐயாங்கிற வார்த்தை வரல.

"யார?"

"உன்னைய."

சத்தமாத்தான் சொன்னேன். என் குரலே எனக்கு வேத்தாள் குரல் மாதிரி இருந்துச்சு. துப்பாக்கி பொத்துன்னு கீழ விழுந்துச்சு, கடப்பாறை விழுந்தா எப்படி விழுமோ அப்படி. அவ காலாலத் தள்ளிக் காட்டினா. நான் குனிஞ்சு பிடிய எறக்கினேன், துரு கிறீச்சுன்னுச்சு, வாய் தொறந்து தோட்டா என் உள்ளங்கையில விழுந்துச்சு. பின்பக்கம், நட்ட நடுவுல, ஊசி குத்தின பள்ளம். மழைக்காலத்துல ஊறின பழைய தோட்டா, அதான் வெடிக்கல. அவரு விசையத் தொட்டாரு, ஊசி பாஞ்சுச்சு, கொட்டுச் சத்தத்துல அந்த டிக் யாருக்கும் கேக்கல. அவ்வளவுதான் கதை. ஏழு வருசம் நாங்க மூச்சடக்கி நின்னது, செய்ய வேண்டியத ஏற்கெனவே செஞ்சு முடிச்ச ஒரு துப்பாக்கிக்கு முன்னால. தும்மினா ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நான், ஊர்லயே பெரிய துண்ட வாய்க்குள்ள திணிச்சதும் நான்தான். மொத நாள் முள்ளு படுத்திருக்குன்னு சொல்லியிருந்தா பூபதி கொலைக்குத் துணிஞ்சவன்னு ஆகும், தம்பிக்காரன் எதிர்ல நிக்கிறான். விசைய எளக்கினது யாருன்னு அடுத்த கேள்வி வரும். முரட்டு விசையா இருந்திருந்தா, இழுக்க இழுக்க ஒரு குடிகாரனுக்குக்கூட மனசு மாற ஒரு நொடி கிடைச்சிருக்கும். அந்த நொடியத்தான் நான் திருகி எடுத்தேன். பிறகு பட்டுத்துணி வந்துச்சு, பிறகு சந்தனம் அப்புறது சுலபமாப் போச்சு.

மாராயி தோட்டாவப் பாத்தா. "இத ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் இல்லையா ஆசாரி?"ன்னா. பதிலுக்கு நிக்கல, தவலைய எடுத்துக்கிட்டுப் பிள்ளைகிட்டப் போயிட்டா.

ஊரு எந்திரிச்சுச்சு, மண்ணத் தட்டுச்சு. எனக்கு அடி விழும், கொட்டகையில தொங்கின பூபதி படத்த எவனாவது எறக்குவான்னு நெனச்சேன். ஜெகபதி வந்து என் கையில இருந்த தோட்டாவ எடுத்து, பள்ளத்தத் தடவிப் பாத்து, ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டாரு. "அண்ணன் கைல இருந்து கெளம்புன குண்ட சாமி புடிச்சு நிறுத்தியிருக்கு. மாராயியச் சாமி காப்பாத்தியிருக்கு"ன்னாரு. ஊர் ஒரு நிமிசம் யோசிச்சுச்சு. பிறகு, ஏழு வருசத்துக்குப் பிறகு, வாய் விட்டுக் குலவை போட்டுச்சு.

தூ.

இப்ப அந்தத் தோட்டா கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. மணியோட நாக்குல இருந்து துணிய அவுத்துட்டாங்க, பஸ்ஸு வாசல் வரைக்கும் வருது, வருசா வருசம் வேட்டு வெடிச்சுத் திருவிழா. பரிவட்டம் வேண்டாம்னேன், "கோவிச்சுக்காத ஆசாரி"ன்னு சிரிச்சுட்டுக் கொட்டகை கட்டினவன் தலையில கட்டிட்டாங்க. நான் சொன்னது பொய்யின்னு யாரும் சொல்லல, உண்மைன்னும் யாரும் சொல்லல, ஆசாரி அன்னைக்கு உணர்ச்சிவசப்பட்டுட்டாருன்னாங்க. சாமிக்குத் தேர் செய்யப் போறாங்களாம், தேர் போக மாராயி எடத்து வழியாத்தான் பாதை வேணுமாம், போன மாசம் ஜெகபதி நேர்லயே போயிக் கேட்டாரு. அவ மாட்டேங்கன்னுட்டா.

கனகு தேனிப் பக்கம் வேலைக்குப் போறா, பேத்தி மாராயிகிட்டத்தான் வளருது. பசிச்சாலும் அழும், விழுந்தாலும் அழும், சும்மாவும் அழும், மாராயி ஒரு நாளும் உஷ்னு சொன்னதில்ல. பட்டறையில இருந்தா எனக்கு நல்லாக் கேக்கும். இனி எதுவும் வெடிக்காதுன்னு எனக்குத் தெரியும், முன்னாடியே தெரியும், ஆரம்பத்துல இருந்தே தெரியும். இருந்தாலும் அந்தப் பிள்ள வீல்னு கத்துறப்ப எல்லாம், சந்தனம் அப்பின இந்தக் கை, தன்னால எந்திரிச்சு வந்து என் வாயப் பொத்துது.